துணி தண்ணீரோடு பழகும் விதம்

துணிக்கடையில் நிறமும் விலையும் பார்த்து முடித்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்விகள் சில உண்டு. சுருங்குமா? கசங்குமா? வேர்வையில் உடம்போடு ஒட்டுமா? துவைத்தால் சீக்கிரம் காயுமா? பார்வைக்கு இவை நான்கு கேள்விகள். ஆனால் இழையின் அறிவியலில் இவை ஒரே கேள்விதான்: இந்தத் துணி தண்ணீரோடு எப்படிப் பழகும்?

தைத்து முடித்த சட்டையை வாங்கும்போது இந்தக் கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். துணி எடுத்து அளவு கொடுத்துத் தைக்கிறவர் அந்தப் பதிலைத் தானே தேட வேண்டும். வெட்டும் தையலும் தையல்காரரின் கையில் இருக்கின்றன. துணியைத் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு. சென்னையைப் போலக் காற்றிலேயே ஈரம் நிறைந்த ஊரில் சட்டைக்கும் கோட்டுக்கும் துணி எடுக்கிறவருக்கு, இழைக்குள் நீர் என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பதைவிடப் பயனுள்ள அறிவு வேறில்லை.

ஒற்றைச் செல்லின் நீளம்

பருத்தியிலிருந்து தொடங்குவோம். காய்க்குள் இருக்கும் ஒவ்வொரு விதையின் மேல்தோலிலும் ஆயிரக்கணக்கான இழைகள் முளைக்கின்றன. அவற்றில் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். பூ மலர்ந்த சமயத்தில் நீளத் தொடங்கும் அந்தச் செல், சில வாரங்களில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டரை எட்டிவிடுகிறது. அதன் அகலம் 15 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் பதினைந்து பங்கு. தன் அகலத்தைப் போல இரண்டாயிரம் மடங்கு நீளும் செல் இது. தாவர உலகிலேயே மிக நீண்ட செல்களில் ஒன்று.

நீண்டு முடித்ததும் செல் தன் உட்புறமாகச் சுவர் எழுப்புகிறது. அந்தச் சுவர் முழுக்கச் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் பிணைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறு அது. காய் வெடித்து வெயில் பட்டதும் செல் உலர்கிறது. உள்ளிருக்கும் குழாய் அமுங்கி, இழை தட்டையாகி, ஆங்காங்கே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குகள் ஒன்றையொன்று பற்றுவதால்தான் பஞ்சை நூலாக நூற்க முடிகிறது.

செல்லுலோஸ் சங்கிலி நெடுக நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளுக்குள் நீர் நுழைய முடியாது. ஒழுங்கு குலைந்த இடங்களில் தாராளமாக நுழையும். ஆய்வகத்தில் வழக்கமாக வைக்கும் 65 சதவீத ஈரப்பதத்தில், உலர்ந்த பருத்தி 100 கிராமுக்குள் சுமார் 8 கிராம் நீர் குடியிருக்கும். லினன் அதைவிடச் சற்று அதிகமாக வைத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 கிராம். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஏற்பதில்லை. தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் சட்டைக்குள்ளும் நீர் இருக்கிறது என்பதே நாம் அறிய வேண்டிய முதல் வியப்பு.

பெரும்பாலான இழைகள் நனைந்தால் வலுவிழக்கும். பருத்தியும் லினனும் நனைந்தால் வலுக்கூடும். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி வேட்டியும் சேலையும் துவைகல்லில் அடிபட்டும் தாங்கியதற்கு இந்தக் குணம் ஒரு காரணம்.

கசங்கலும் இஸ்திரியும்

பருத்தி ஏன் கசங்குகிறது? அருகருகே கிடக்கும் செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைக்கின்றன. தனித்தனியே இவை வலுவற்றவை, எண்ணிக்கையால் வலுப்பெற்றவை. முழங்கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது வேர்வை ஈரம் இந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. மடிப்பின் இழுவிசையில் சங்கிலிகள் கொஞ்சம் நகர்கின்றன. ஈரம் வெளியேறியதும், நகர்ந்த இடத்திலேயே புதுப் பிணைப்புகள் உருவாகின்றன. மடிப்பு அப்படியே நின்றுவிடுகிறது.

இஸ்திரி போடுகிறவர் தண்ணீர் தெளித்துச் சூட்டில் தேய்க்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான். நீர் பழைய பிணைப்புகளை அவிழ்க்கிறது. பெட்டியின் எடை துணியைச் சமமாக்குகிறது. சூடு நீரை விரட்ட, சமமான நிலையில் பிணைப்புகள் மீண்டும் உருவாகின்றன. காய்ந்த துணியில் வெறும் சூட்டுப்பெட்டியை ஓட்டினால் சுருக்கம் முழுதாகப் போகாததற்குக் காரணம் இதுவே.

கசங்காத பருத்திச் சட்டைத்துணி என்று விற்பதில், சங்கிலிகளுக்கு இடையே உறுதியான வேதிப் பாலங்களைப் போட்டிருப்பார்கள். நீரால் அவிழாத பாலங்கள் அவை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனெரிட்டோ என்ற வேதியியலாளர் இத்துறையில் செய்த பணி புகழ்பெற்றது. ஆனால் சங்கிலிகள் நகர முடியாமல் கட்டப்படும்போது இழை நொறுங்கும் தன்மை பெறுகிறது. துணி கிழியாமல் தாங்கும் வலு குறைகிறது. காலர் ஓரமும் கஃப் ஓரமும் சீக்கிரம் தேயும். இஸ்திரிக்கு நேரமில்லாதவருக்கு அது நியாயமான பரிமாற்றம். பல ஆண்டுகள் உடுத்த எண்ணி அளவெடுத்துத் தைக்கும் சட்டைக்கு, பதப்படுத்தாத நல்ல பருத்தியே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சுருங்குவது துணி, ஊதுவது நூல்

புதுத்துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று பழுத்த தையல்காரர்கள் சொல்வார்கள். இதன் பின்னால் அழகான வடிவியல் இருக்கிறது. பருத்தி இழை நனைந்தால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்களவிலோ சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஊதுகிறது. நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல்களின் மேலும் கீழும் மாறி மாறி வளைந்து செல்கிறது. ஊடை நூல் ஊதித் தடித்தால், அதைச் சுற்றிவரப் பாவுக்கு அதிக நீளம் வேண்டும். நூலுக்கு அந்த நீளம் கிடையாது. ஆகவே ஊடை நூல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, துணி குட்டையாகிறது. இழை சுருங்கவில்லை, அது ஊதியதால் துணி சுருங்கியது!

ஆலையில் தறியும் சாயப்பட்டறையும் துணியை இழுத்துப் பிடித்தே வேலை செய்கின்றன. அந்த இழுப்பும் முதல் துவைப்பில் விடுபடும். இதை ஆலையிலேயே முடித்துவிடும் முறைக்கு அமெரிக்காவின் சான்ஃபோர்ட் கிளூயெட் 1930-ல் காப்புரிமை பெற்றார். ஈரத்துணியை இயந்திரத்தில் நீளவாக்கில் நெருக்கி, சுருங்க வேண்டியதை முன்பே சுருக்கிவிடும் அந்த முறைக்கு அவர் பெயரால் சான்ஃபரைஸ் என்று பெயர். அந்த முத்திரை இருந்தாலும் ஒருமுறை நனைத்துத் தைப்பதில் நட்டமில்லை. முத்திரை இல்லாத துணிக்கு அது கட்டாயம்.

இந்த ஊதும் குணம் இரண்டாம் உலகப்போரில் உயிர் காத்தது. குளிர்ந்த வடகடலில் விழும் விமானிகள் சில நிமிடங்களில் விறைத்து இறந்தார்கள். மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கழகம், மிக நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து வென்டைல் என்ற துணியை உருவாக்கியது. காய்ந்திருக்கும்போது அது வேர்வை ஆவியை வெளியே விடும். நனைந்தவுடன் நூல்கள் ஊதி இடைவெளிகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே வராது. ரப்பரும் மெழுகும் செய்ய வேண்டிய வேலையைப் பருத்தியின் தாகமே செய்தது.

நம்பரும் நெசவும்

சட்டைத்துணியில் அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர் என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண். அறுபதாம் நம்பர் என்றால் 454 கிராம் பருத்தியில் 46 கிலோமீட்டர் நூல். நூறாம் நம்பர் என்றால் சுமார் 77 கிலோமீட்டர். எண் ஏற ஏற நூல் மெலிகிறது.

நூல் மெலியும்போது அதன் குறுக்குவெட்டில் இருக்கும் இழைகளும் குறைகின்றன. குறைந்த எண்ணிக்கையிலான இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டுமானால் அவை நீளமாக இருந்தாக வேண்டும். ஆகவே மெல்லிய நூலுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவை. கோயம்புத்தூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், சுஜாதா என்ற எகிப்திய வகையையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் வகையையும் கலந்து 1974-ல் சுவின் பருத்தியை வெளியிட்டது. 38 மில்லிமீட்டர் அளவு நீளும் அதன் இழை, உலகின் மிகச் சிறந்த சட்டைத்துணிகளுக்குத் தகுதியானது. வயலில் நீண்ட நாள் நிற்பதாலும் விளைச்சல் குறைவானதாலும் உழவர்கள் அதை அரிதாகவே பயிரிடுகிறார்கள். நம் மண்ணில் பிறந்த இந்த அருமையைத் துணி எடுப்பவர்கள் கேட்டு வாங்கினால்தான் அது நிலைக்கும்.

நம்பரோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ஒற்றை நூலா, இரட்டை நூலா? இரண்டு மெல்லிய நூல்களைச் சேர்த்து முறுக்கினால், ஒன்றின் மெலிந்த இடத்தை மற்றது ஈடுகட்டும். துணி சீராகவும் உறுதியாகவும் அமையும். பாவிலும் ஊடையிலும் இரட்டை நூல் போட்ட ரவிக்கைத் துணியைத்தான் நம் வீட்டுப் பெண்கள் டூ பை டூ என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்தத் தேர்ச்சி சட்டைக்கும் பொருந்தும். ஒற்றை நூல் நூறாம் நம்பரைவிட, இரட்டை நூல் எண்பதாம் நம்பர் நெடுநாள் உழைக்கும்.

அடுத்தது நெசவு. பாப்ளினில் நூல்கள் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழும் போகின்றன. துணி மெல்லியதாக, மொழுமொழுவென்று இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு நெசவில் நூல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து போவதால் துணி சற்றுத் தடித்து, இடைவெளிகளோடு இருக்கும். ட்வில் நெசவில் நூல் இரண்டு மூன்று நூல்களைத் தாண்டிச் சென்று சாய்வுக் கோடுகளை உண்டாக்குகிறது. தாண்டிச் செல்லும் நூலுக்கு அசைய இடமிருப்பதால் ட்வில் குறைவாகக் கசங்கும், குழைந்து விழும்.

வெயிலுக்கு எது? ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் ஆவி வெளியேற வழி வேண்டும். கடலோர ஊர்களில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், துணிக்கு ஊடாகக் காற்று ஓடினால்தான் உடம்பு குளிரும். ஆகவே உயர்ந்த நம்பரில் நெருக்கமாக நெய்த பளபளப்பான துணியைவிட, நடுத்தர நம்பரில் சற்றுத் தளர நெய்த துணி குளுமையாக இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். லினன் இதில் தேர்ந்தது. ஆளிச் செடியின் தண்டிலிருந்து வரும் அதன் இழை விறைப்பானது. உடம்போடு ஒட்டாமல் விலகி நின்று காற்றுக்கு வழிவிடும். அந்த விறைப்பேதான் அதைக் கசங்கவும் வைக்கிறது. லினனை விரும்புகிறவர் அதன் கசங்கலையும் சேர்த்தே விரும்ப வேண்டும்.

கம்பளிக்குள் சுருள்வில்

கோட்டுத் துணிக்கு வருவோம். ஆட்டு உரோமத்தின் பொருள் கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் அதனால் ஆனவையே. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் 1930-களில் கம்பளி இழையின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்தார். இயல்பான இழை ஒருவிதப் படத்தைக் கொடுத்தது. ஈரத்தில் இழுத்து நீட்டிய இழை முற்றிலும் வேறு படத்தைக் கொடுத்தது. விட்டதும் பழைய படம் திரும்பியது. மூலக்கூறு மடங்கிய நிலையில் இருக்கிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் மீண்டும் மடங்குகிறது என்று அவர் கண்டார். அந்த மடிப்பின் சரியான வடிவம் ஒரு சுருள் என்பதை லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் 1951-ல் வெளியிட்டார்கள்.

ஒரு கோட்டுத் துணியில் இத்தகைய எண்ணற்ற சுருள்வில்கள் இருக்கின்றன. அவற்றைக் கந்தக அணுக்களின் பாலங்கள் குறுக்கே இணைத்து, பழைய இடத்தை நினைவில் வைக்கின்றன. நாள் முழுக்க உட்கார்ந்து கசங்கிய கம்பளிக் கோட்டைத் தோள் அகன்ற ஹேங்கரில் இரவு மாட்டிவைத்தால் காலையில் சுருக்கங்கள் பெரும்பாலும் காணாமல் போவது இதனால்தான். அதே ஆய்வகத்தில், இழை ஆய்வுக்கான அதே நுட்பத்தைக் கொண்டு ஆஸ்ட்பரியின் மாணவி ஃபுளோரன்ஸ் பெல் 1938 வாக்கில் டிஎன்ஏவின் தொடக்ககால எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்தார். உயிரின் மூலக்கூற்றைப் படிக்கும் பாதையில் ஒரு கிளை, கம்பளித் துணியிலிருந்து பிரிந்திருக்கிறது.

தையல்காரருக்குக் கம்பளி பிடித்தமானது என்பதற்கும் காரணம் நீரே. துணி தட்டையானது, மனிதத் தோள் வளைவானது. நல்ல கோட்டில் பின்பக்கத் தோள் விளிம்பை முன்பக்கத்தைவிடச் சற்று நீளமாக வெட்டுவார்கள். கூடுதல் துணியை நீராவி இஸ்திரியால் உள்ளே அமுக்கி, இரண்டையும் சமமாக இணைப்பார்கள். கைப்பகுதியின் தலைப்பையும் அப்படியே. நீராவியின் ஈரமும் சூடும் சேரும்போது கம்பளி இளகுகிறது. அந்த நிலையில் வளைத்து, ஆறி உலரும்வரை அழுத்திப் பிடித்தால் வளைவு நிலைக்கிறது. பருத்தியும் லினனும் இந்த அளவுக்கு இணங்குவதில்லை. பாலியெஸ்டர் இன்னும் குறைவாகவே இணங்கும். தோளில் சுருக்கமில்லாமல் உட்காரும் கோட்டுக்குப் பாதிப் புகழ் தையல்காரருக்கும் மீதி கெரட்டினுக்கும் உரியது.

வெயில் ஊரில் கம்பளியா?

நம் ஊரில் கம்பளியா என்ற தயக்கம் நியாயமானது. கம்பளி நீராவியை உறிஞ்சும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. குளிர்நாட்டில் அது வரம். குளிரூட்டிய மண்டபத்தின் உலர்ந்த காற்றிலிருந்து வெளியே புழுக்கத்துக்கு வரும்போது அது சிறிது நேரம் எதிராகவே வேலை செய்யும். தடித்த கோட்டில் இழையின் அளவு அதிகம் என்பதால் வெப்பமும் அதிகம். ஆகவே எடை குறைந்த கம்பளி வேண்டும். குளிர்காலக் கோட்டுத் துணி மீட்டருக்கு 340 கிராமுக்கு மேல் போகும். நமக்கு 240 முதல் 280 கிராம் பொருத்தம்.

ஆனால் எடை மட்டும் போதாது. நூலை இறுக முறுக்கி, பாப்ளினைப் போல ஒன்று விட்டு ஒன்றாக, இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணிகள் உண்டு. இறுகிய முறுக்கால் நூல் மெலிந்து உறுதியாகிறது, இழைமுனைகள் வெளியே நீட்டுவதில்லை, காற்று தடையின்றி ஓடுகிறது. இத்தகைய 280 கிராம் துணி, நெருக்கமாக நெய்த 230 கிராம் துணியைவிடக் குளுமையாக இருக்கக்கூடும். கையில் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும், அது குறையல்ல.

கடையில் சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்று துணியின் கரையிலேயே எழுதியிருக்கும். இந்த எண் இழையின் நுண்மையை மட்டும் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். சூப்பர் 120-க்கு 17.75, சூப்பர் 150-க்கு 16.25. இழை மெலிந்தால் துணி மிருதுவாகும், மினுங்கும், விலை ஏறும். ஆனால் தேய்வையும் கசங்கலையும் தாங்கும் திறன் குறையும். ஆண்டுக்குப் பலமுறை உடுத்தும் கோட்டுக்கு சூப்பர் 100 அல்லது 110 போதும். எண்ணை உயர்த்தச் செலவிடும் பணத்தை நெசவிலும் உட்புறத்திலும் செலவிடுவது அறிவு.

உட்புறம் என்பது லைனிங். அருமையான கம்பளியை எடுத்து, உள்ளே முழுக்கப் பாலியெஸ்டர் லைனிங் வைத்துத் தைத்தால் வேர்வையின் வழி அடைபட்டுவிடும். முதுகுக்குப் பாதி லைனிங் போதும் என்று சொல்லுங்கள். லைனிங் துணியாக விஸ்கோஸோ, பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளைக் கரைத்து உருவாக்கும் கியூப்ரோவோ கேளுங்கள். இரண்டும் செல்லுலோஸ்; இரண்டும் ஈரத்தை ஏற்கும்.

பாலியெஸ்டரின் பங்கு

பாலியெஸ்டரை இகழ்வது எளிது, அது நியாயமல்ல. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இந்த இழை, டெரிலினாகவும் டெரிகாட்டனாகவும் நம் வீடுகளுக்குள் வந்தபோது கஞ்சி போடுவதிலிருந்தும் ஓயாத இஸ்திரியிலிருந்தும் எத்தனையோ கைகளை விடுவித்தது. நீர் அதன் பிணைப்புகளைத் தளர்த்த முடியாது, ஆகவே கசங்காது. சுமார் 70 பாகைக்கு மேல் சூடேறினால்தான் அதன் மூலக்கூறுகள் இளகும். ஆகவே சூட்டில் வைத்த மடிப்பு துவைத்தாலும் நிற்கும். பள்ளிச் சீருடைக்கும் உழைக்கும் உடுப்புக்கும் கலப்புத் துணி நல்ல துணைதான்.

அதே குணம் வேர்வையில் எதிரியாகிறது. இழை நீரை ஏற்காததால் ஈரம் தோலுக்கும் துணிக்கும் நடுவே தங்குகிறது. நீரை விலக்கும் இழை எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொள்ளும். வேர்வை நாற்றமும் அதனோடு தங்கும்.

கடையில் சொல்வதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தயங்கி எரியும். தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். கலப்புத் துணியில் சாம்பலுக்குள் அந்த மணி தட்டுப்படும்.

சித்திரை, வைகாசி வரவேற்புகளில் பாலியெஸ்டர் கோட்டுக்குள் மாப்பிள்ளை வேர்த்து நிற்பதைப் பார்த்து, கோட்டே நம் ஊருக்கு ஆகாது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். குற்றம் கோட்டின் மேல் இல்லை. நீரோடு பகை கொண்ட இழையை, காற்று நுழையாத நெசவில், அடைத்த லைனிங்கோடு தைத்ததில்தான் இருக்கிறது. இறுக முறுக்கிய மெல்லிய கம்பளி, பாதி லைனிங், உள்ளே இரட்டை நூல் பருத்திச் சட்டை: இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். துணி எடுக்கப் போகும்போது கடைக்காரரிடம் எந்த நம்பர் என்று கேட்பதற்கு முன்னால் என்ன இழை, எப்படி நெய்தது என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைக்கும் கடையில் துணி எடுத்தால், நல்ல தையல்காரரின் உழைப்பு ஒருபோதும் வீணாகாது.